குறியீடு மாறும், கை மாறாது

உயிர் எப்படித் தொடங்கியது என்ற பேச்சில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். புரதத்தில் இருக்கும் அமினோ அமிலங்கள் எல்லாம் ஏன் இடக்கை வகையாகவே இருக்கின்றன? மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற மரபுக் குறியீடு எப்படி வந்தது? முதல் கேள்வியை வேதியியல்காரர்களும் இரண்டாவதை உயிரியல்காரர்களும் பங்கு பிரித்துக்கொண்டு தனித்தனியாகப் பேசுகிறார்கள். இந்தப் பிரிவினை எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பளிச்சென்று தெரியும். குறியீடு பல உயிர்களில் பல தடவை மாறியிருக்கிறது. செல்லுக்குள் புரதம் கோக்கும் இயந்திரமான ரைபோசோம் கட்டும் புரதத்தின் கை மட்டும் எந்த உயிரிலும் மாறியதாகத் தெரியவில்லை. ஏன் இந்த வித்தியாசம் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் கை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கார்பன் அணுவில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் ஒட்டியிருந்தால், அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று மற்றதன் ஆடி பிம்பம். எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றின் மேல் ஒன்று பொருந்தாது. புரதத்தின் 20 அமினோ அமிலங்களில் 19 இப்படிப்பட்டவை. கிளைசின் மட்டும் விலக்கு. அதன் கார்பனில் இரண்டு ஹைட்ரஜன் இருப்பதால் அதற்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. (இந்தக் கிளைசினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு தொல்லை கொடுக்கப்போகிறது.) மீதி 19-உம் புரதத்தில் இடக்கை. மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ, டிஎன்ஏவில் இருக்கும் சர்க்கரையோ வலக்கை.

நான் மருந்துத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன். இடக்கையையும் வலக்கையையும் பிரித்து அளப்பதுதான் என் அன்றாடப் பிழைப்பு. இரண்டும் சம அளவில் கலந்த மாதிரியை, அதாவது ரேசிமிக் கலவையை, ஹெச்பிஎல்சியில் (கரைசலை ஒரு குழாய் வழியே தள்ளி, அதிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் கருவி) செலுத்தினால் திரையில் இரண்டு பீக், அதாவது இரண்டு மேடு, வரும். முதலில் வருவது உயரமாக, ஒல்லியாக இருக்கும். பின்னால் வருவது குட்டையாக, அகலமாக இருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலாவதுதான் அதிகம் என்று உயரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பரப்பளவைக் கணக்கிட்டால் ஐம்பதுக்கு ஐம்பது. உள்ளே அதிக நேரம் தங்கியது பரவிவிட்டது, அவ்வளவுதான்.

சாதாரணக் குழாயில் போட்டால் இரண்டும் சேர்ந்து ஒரே பீக்காகத்தான் வரும். எடை ஒன்று, உருகுநிலை ஒன்று, கரைதிறன் ஒன்று. குழாய் எதை வைத்துப் பிரிக்கும்? பிரிக்க வேண்டுமானால் குழாய்க்குள் அடைத்திருக்கும் பொருளுக்கே ஒரு கை இருக்க வேண்டும். நாங்கள் அதிகம் பயன்படுத்தும் குழாய்களில் சிலிக்கா துகள்மேல் பூசியிருப்பது செல்லுலோஸிலிருந்தோ அமைலோஸிலிருந்தோ செய்த பொருள். இரண்டும் தாவரம் கட்டியவை. ஆக, இன்று உலகம் முழுக்க ஆய்வகங்கள் கையைக் கண்டுபிடிக்க நம்பியிருப்பது பெரும்பாலும் உயிரிடமிருந்து கடன் வாங்கிய கையைத்தான்.

கையை அடையாளம் காண இன்னொரு கை வேண்டும் என்றால், முதல் கை எங்கிருந்து வந்தது?

1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி அடைத்த கண்ணாடிக் கலத்தில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை உண்டாக்கினார். பாடப்புத்தகங்கள் கொண்டாடும் சோதனை. ஆனால் அதில் கிடைத்ததெல்லாம் பாதிக்குப் பாதி. கைத்தன்மை இல்லாத பொருளிலிருந்து தொடங்கினால் வேறு விதமாக வர வழியில்லை. இயற்பியலின் அடித்தளத்திலேயே இடம், வலம் என்பதில் ஒரு சாய்வு இருக்கிறது என்பது உண்மைதான். 1957-இல் வெளியான சியென்-ஷியுங் வூவின் கோபால்ட்-60 சோதனை அதைக் காட்டிவிட்டது. ஆனால் அந்தச் சாய்வு இரண்டு கைகளுக்கும் நடுவே உண்டாக்கும் ஆற்றல் வேறுபாட்டை, அறை வெப்பத்தில் மூலக்கூறு துள்ளும் ஆற்றலோடு ஒப்பிட்டால், 1-க்குப் பின்னால் 17 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒரு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்பதே என் எண்ணம்.

அதே 1953-இல் பிரிஸ்டலில் இருந்த சார்லஸ் ஃபிராங்க் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒரு மூலக்கூறு தன்னைப் போன்றதை உண்டாக்க உதவ வேண்டும், கூடவே தன் ஆடி பிம்பத்தை முடக்கவும் வேண்டும். இந்த இரண்டும் சேர்ந்தால் தற்செயலாக வந்த மிகச் சிறிய ஏற்றத்தாழ்வுகூட வளர்ந்து, கடைசியில் ஒரே கை மிஞ்சும். காகிதத்தில் இருந்த இந்த யோசனை கண்ணால் பார்க்கக் கிடைத்தது சோடியம் குளோரேட் என்ற எளிய உப்பில். கரைசலில் அதற்குக் கை கிடையாது. படிகமானால் கை வந்துவிடும். சும்மா விட்டால் இரண்டு வகைப் படிகமும் ஏறக்குறைய சமமாக வரும். 1990-இல் திலீப் கொண்டேபுடியின் குழு கரைசலைக் கலக்கிக்கொண்டே படிகமாக்கியது. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட எல்லாப் படிகங்களும் ஒரே கையாக வந்தன. இந்தத் தடவை இடம் என்றால் அடுத்த தடவை வலமாக இருக்கலாம். முதலில் உருவான ஒரு படிகம் உடைந்து சிதறி, அந்தத் துணுக்குகளே மற்றவற்றுக்கு விதையாகிவிடுகின்றன.

2005-இல் கிறிஸ்டோபல் வியெத்மா இன்னும் ஒரு படி போனார். இரண்டு கைப் படிகங்களும் சமமாக இருக்கும் குழம்பில் கண்ணாடி மணிகளைப் போட்டு இடைவிடாமல் அரைத்தார். படிகங்கள் கரைவதும் மறுபடி வளர்வதுமாக ஓடி, கடைசியில் ஒரு கைப் படிகம் முழுதாக மறைந்துவிட்டது. பிறகு அவரும் டோனா பிளாக்மண்டும் சேர்ந்து, புரதத்தில் இருக்கும் ஆஸ்பார்டிக் அமிலத்திலேயே இதைச் செய்துகாட்டினார்கள். என் வேலையில் இரண்டு பீக்கில் ஒன்றைக் குறைக்க எவ்வளவு கரைப்பானும் நேரமும் செலவாகிறது என்று தெரிந்தவன் என்பதால், வெறும் அரைத்தலில் இது நடக்கிறது என்று படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

எனவே முதல் கை வர மாயம் எதுவும் வேண்டியதில்லை. தற்செயலும் பெருக்கமும் போதும். எது வென்றது என்பதற்குக் காரணம் தேட வேண்டிய அவசியம்கூட இல்லாமல் போகலாம்.

விண்வெளியிலிருந்து வந்தது என்ற கதையையும் சொல்ல வேண்டும். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் ஐசோவலின் என்ற அமினோ அமிலத்தில் இடக்கை சற்று அதிகமாக இருந்தது. பூமியின் உயிர்களில் ஐசோவலின் மிக அரிது, எனவே மண்ணிலிருந்து தொற்றியது என்று எளிதில் தள்ளிவிட முடியாது. பல வருஷம் இதுதான் பலருக்குப் பிடித்த விடை: இடக்கைச் சாய்வு வானத்திலிருந்து கிடைத்த சீதனம். அப்புறம் 2023 செப்டம்பரில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு சிறுகோளிலிருந்து 121.6 கிராம் மண்ணைத் தரையிறக்கியது. 2025 ஜனவரியில் முடிவுகள் வந்தன. புரதத்தின் 20-இல் 14 அமினோ அமிலங்கள் அதில் இருந்தன. ஆனால் கை பார்த்தவற்றில் இரண்டும் ஏறக்குறைய சமம். ஒரு சிறுகோளை வைத்து மொத்தக் கதையையும் மூடிவிட முடியாதுதான். ஆனாலும் பூமிக் காற்றுப் படாமல் வந்த மாதிரி இப்படிச் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு நம்பிக்கை தரும் பாதை ஆர்என்ஏ வழியாகப் போவது. 1984-இல் ஜெரால்ட் ஜாய்ஸும் உடன் ஆய்வாளர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வலக்கை ஆர்என்ஏ இழையை அச்சாக வைத்து, அதன்மேல் ஆர்என்ஏவின் கண்ணிகளான நியூக்ளியோடைடுகளைக் கோக்க விட்டார்கள். ஒரே கையாகக் கொடுத்தால் சங்கிலி நன்றாக நீளும். இரண்டு கையும் கலந்து கொடுத்தால், தவறான கை ஒன்று வந்து உட்கார்ந்த இடத்திலேயே சங்கிலி நின்றுவிடும். ஆக, படியெடுக்கும் மூலக்கூறு வருவதற்கு முன்பே கை விவகாரம் ஓரளவு தீர்ந்திருக்க வேண்டும். 2023-இல் ஹார்வர்டின் ஃபுர்கான் ஓஸ்துர்க், டிமிதர் சாசெலோவ் குழு காந்தமேற்றிய மாக்னடைட் பரப்பில் ஆர்என்ஏவின் முன்னோடி மூலக்கூறு ஒன்றைப் படிகமாக்கி, பாதிக்குப் பாதிக் கலவையிலிருந்து ஒரே கையைப் பெற்றது. கைத்தன்மை உள்ள மூலக்கூறுக்குள் ஓடும் எலக்ட்ரான் தன் சுழற்சியைப் பார்த்து ஓடுகிறது. காந்தப் பரப்பில் எலக்ட்ரான்களின் சுழற்சி ஒரே பக்கமாக ஒழுங்குபட்டிருக்கும். அந்தப் பொருத்தம்தான் இங்கே கையைப் பிரிக்கிறது. மாக்னடைட் சாதாரண இரும்புத் தாது. பழைய பூமியின் ஏரிப் படுகையில் இருந்திருக்கக்கூடியது.

சரி, சர்க்கரைக்குக் கை வந்துவிட்டது. அமினோ அமிலத்துக்கு? 2004-இல் கோஜி தமுராவும் பால் ஷிம்மலும், டிஆர்என்ஏவின் (அமினோ அமிலத்தை ரைபோசோமுக்குச் சுமந்துபோகும் சிறு ஆர்என்ஏ) நுனியைப் போன்ற ஒரு சிறு ஆர்என்ஏ துண்டில் நொதியே இல்லாமல் அலனினை ஏற்றிப் பார்த்தார்கள். வலக்கை ஆர்என்ஏ, இடக்கை அலனினை ஏறக்குறைய 4 மடங்கு அதிகம் ஏற்றது. ஆர்என்ஏவை ஆடி பிம்பமாக மாற்றிச் செய்தால் விருப்பமும் தலைகீழாகி, வலக்கை அலனின் முந்தியது. இந்த ஒரு சோதனையில் என் இரண்டு கேள்விகளும் சந்திக்கின்றன. டிஆர்என்ஏவின் நுனியில் அமினோ அமிலத்தை ஏற்றுவதுதான் மரபுக் குறியீட்டின் அடிப்படைச் செயல், கையைத் தேர்ந்தெடுத்ததும் அதே இடம்!

ஆனால் இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் 2024-இல் ஐரீன் சென் குழு குறுக்கே வருகிறது. தன்மேலேயே அமினோ அமிலத்தை ஏற்றிக்கொள்ளும் பலவகை வலக்கை ரைபோசைம்களை, அதாவது நொதிபோல வேலை செய்யும் ஆர்என்ஏக்களை, அவர்கள் சோதித்தார்கள். சில இடக்கையை விரும்பின, சில வலக்கையை விரும்பின. ஆர்என்ஏவின் கை அமினோ அமிலத்தின் கையை வேதியியல் ரீதியாகக் கட்டாயப்படுத்தவில்லை. அதே வருஷம் பிளாக்மண்ட் குழு இன்னொன்றைக் காட்டியது. உயிருக்கு முந்தைய வினையூக்கிகளைக் கொண்டு இரண்டு அமினோ அமிலங்களை இணைத்தால், இடமும் வலமும் இணைந்த ஜோடிதான் அதிகம் வருகிறது. கேட்டவுடன் ஏமாற்றமாக இருக்கும். நிதானமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 இடம், 40 வலம் இருக்கும் இடத்தில் எதிரெதிர்க் கைகள் 30 ஜோடி சேர்ந்துவிட்டால், தனியாக மிஞ்சுவது 30 இடம், 10 வலம். சிறுபான்மைக் கை ஜோடிகளில் கரைந்துபோக, மீதியில் பெரும்பான்மை ஏறுகிறது. ஃபிராங்க் சொன்ன முடக்குதல் இதுதான்.

இனி குறியீடு. 64 கோடான்கள் (ஆர்என்ஏவின் யு, சி, ஏ, ஜி என்ற நான்கு எழுத்துகளில் அமையும் மூன்றெழுத்துச் சொற்கள்), 20 அமினோ அமிலங்கள், 3 நிறுத்தக் குறிகள். 1961-இல் நிரன்பெர்க்கும் மத்தாயும் யு எழுத்து மட்டுமே உள்ள ஆர்என்ஏவைக் கொடுத்து, பினைல்அலனின் மட்டுமே உள்ள சங்கிலியைப் பெற்றதில் தொடங்கி, அடுத்த சில வருஷங்களில் அட்டவணை முழுவதும் நிரம்பியது. 1968-இல் பிரான்சிஸ் கிரிக் இதை உறைந்துபோன விபத்து என்றார். தற்செயலாக வந்தது, பிறகு மாற்ற முடியாமல் இறுகிவிட்டது என்று பொருள்.

தற்செயல் என்ற பாதியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. யு-யு-யு பினைல்அலனின். முதல் எழுத்தை மாற்றிப் பாருங்கள்: சி-யு-யு லியூசின், ஏ-யு-யு ஐசோலியூசின், ஜி-யு-யு வலின். நான்குமே தண்ணீரை வெறுப்பவை, புரதத்தின் உட்புறத்தில் ஒளிந்துகொள்பவை. எழுத்து தவறினாலும் புரதம் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 1998-இல் ஃப்ரீலண்டும் ஹர்ஸ்டும் கணினியில் பத்து லட்சம் குறியீடுகளைத் தற்செயலாக உண்டாக்கி ஒப்பிட்டதில், பிழை தாங்குவதில் நம்முடையதை மிஞ்சியது ஒன்றே ஒன்று. இப்படி ஓர் அட்டவணை ஒரே நாளில் வந்திருக்க வாய்ப்பில்லை. 2024-இல் ஜோவன்னா மேசல் குழு மிகப் பழைய புரதப் பகுதிகளைத் துருவி, அமினோ அமிலங்கள் குறியீட்டில் சேர்ந்த வரிசையைக் கணித்தது. சின்ன மூலக்கூறுகள் முன்னால் வந்திருக்கின்றன. உலோகத்தைப் பிடிக்கும் சிஸ்டீனும் ஹிஸ்டிடினும், கந்தகம் உள்ள மெத்தியோனினும் நினைத்ததைவிட முன்பே சேர்ந்திருக்கின்றன. மில்லர் கலத்தில் எது கிடைத்தது என்பதை வைத்துப் போட்ட பழைய வரிசை இங்கே சறுக்குகிறது.

இறுகிவிட்டது என்ற பாதி 1979-லேயே விரிசல் கண்டது. மனித மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும், தனக்கென்று சிறு டிஎன்ஏ வைத்திருக்கும் உறுப்பு) யு-ஜி-ஏ நிறுத்தக் குறி இல்லை, டிரிப்டோஃபன். அதன்பின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சிலியேட்டுகள் என்ற ஒரு செல் உயிரிகள் சிலவற்றில் யு-ஏ-ஏ, யு-ஏ-ஜி இரண்டும் குளுட்டமின். கேண்டிடா வகை ஈஸ்ட்டில் லியூசினுக்கான சி-யு-ஜி செரினாகிவிட்டது, அதுவும் முழுதாக அல்ல. அதே டிஆர்என்ஏ சில சமயம் லியூசினையும் ஏற்றிக்கொள்கிறது. ஒரு கோடான், இரண்டு அர்த்தம், உயிர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. 2019-இல் கேம்பிரிட்ஜில் ஜேசன் சின் குழு ஈ.கோலை பாக்டீரியாவில் 18,214 கோடான்களை மாற்றி, 61 கோடான்களிலேயே வாழும் உயிரைச் செய்தது.

குறியீடு மாற முடிவதற்குக் காரணம் அதைத் துண்டு துண்டாக மாற்றலாம் என்பதுதான். அரிதாகப் பயன்படும் ஒரு கோடான் மெல்ல மறைந்து, வேறு அர்த்தத்தோடு திரும்பி வரலாம். மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சேதமும் குறைவு, மனிதரில் அது எழுதுவது 13 புரதம் மட்டும்.

கையை இப்படி மாற்ற முடியாது. ஜி. என். ராமச்சந்திரனும் உடன் ஆய்வாளர்களும் 1963-இல் வெளியிட்ட வரைபடத்தைப் பார்த்தால் ஏன் என்று புரியும். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதைக் காட்டும் படம் அது. இடக்கை அமினோ அமிலத்துக்கு அனுமதித்த பரப்பு பெரும்பாலும் ஒரு பக்கத்தில் குவிந்திருக்கும். வலக்கைக்கு அதே பரப்பு மையத்தைச் சுற்றித் தலைகீழாகிவிடும். கிளைசினுக்கு மட்டும் படம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். இடக்கை அமினோ அமிலங்கள் சேர்ந்து வலஞ்சுழி ஹெலிக்ஸாக, அதாவது திருகுச் சுருளாக, மடியும்போது நடுவே ஒரு வலக்கை வந்தால், அதற்கு வசதியான கோணமும் ஹெலிக்ஸ் கேட்கும் கோணமும் ஒத்துவராது. ஒரு கோடானை மாற்றினால் சில புரதங்களில் சில இடங்கள் மாறும். ஒரு கையை மாற்றினால் அதைத் தொடும் நொதி, ஏற்றும் டிஆர்என்ஏ, கோக்கும் ரைபோசோம், மடியும் வடிவம் என எல்லாமே கூடவே மாற வேண்டும். 1967 செப்டம்பர் 3 அன்று சுவீடன் முழுவதும் வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. தெருப்பெயரை ஒவ்வொன்றாக மாற்றலாம். ஓட்டும் பக்கத்தை இன்றைக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம் என்று மாற்ற முடியுமா? பரிணாமத்துக்கு அப்படி நாள் குறித்து அறிவிக்கும் வசதி கிடையாது.

அதோடு, கை ஒரு தடவை முடிவாகிவிட்டது, இனி கவலை இல்லை என்பதும் கிடையாது. டைரோசினை டிஆர்என்ஏவில் ஏற்றும் நொதி வலக்கை டைரோசினையும் ஏற்றிவிடும் என்பது 1960-களிலேயே தெரியும். அதைக் கழற்றுவதற்கென்றே டிடிடி என்ற நொதி இருக்கிறது. அது இல்லாத பாக்டீரியாவுக்கு வலக்கை டைரோசின் நஞ்சு. ராஜன் சங்கரநாராயணன் குழு இந்த நொதியின் உள்ளறையைப் படம்பிடித்து, அது எப்படி ஆள் அடையாளம் காண்கிறது என்று காட்டியது. அது வலக்கையைத் தேடிப் பிடிப்பதில்லை. இடக்கையின் பக்கத்தொகுதி நுழைய முடியாதபடி வாசலை அமைத்துவைத்திருக்கிறது. இடக்கை அல்லாத எதுவும் உள்ளே போகும், கழற்றப்படும். இங்கேதான் கிளைசின் தொல்லை. அதற்குப் பக்கத்தொகுதியே இல்லை, எனவே வாசல் அதைத் தடுக்காது. முறையாக ஏற்றிய கிளைசினையும் டிடிடி கழற்றிவிடும். ரைபோசோமுக்குச் சுமை கொண்டுபோகும் ஈஎஃப்-டியு என்ற புரதம் முந்திக்கொண்டு அதைப் பிடித்துக் காப்பாற்றுகிறது. டிடிடி அளவுக்கு மீறினால் செல்லுக்கே ஆபத்து. கையைக் காக்கும் காவலுக்கு இவ்வளவு விலை, அதுவும் ஒவ்வொரு செல்லிலும், ஒவ்வொரு நொடியும்.

வலக்கை அமினோ அமிலம் உயிரில் அடியோடு இல்லை என்று நினைக்க வேண்டாம். பாக்டீரியாவின் செல்சுவரில் வலக்கை அலனின் இருக்கிறது, நம் மூளையில் வலக்கை செரின் வேலை செய்கிறது. ஆனால் அவையெல்லாம் தனி நொதிகள் உண்டாக்குபவை. குறியீடு வழியாக, ரைபோசோம் வழியாக வந்தவை அல்ல.

இன்று மனிதர்கள் அந்த ஒட்டுமொத்த மாற்றத்தை ஆய்வகத்தில் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். 1992-இல் ஸ்டீஃபன் கென்ட் குழு ஹெச்ஐவியின் புரதம் வெட்டும் புரோட்டியேஸ் நொதியை முழுக்க வலக்கை அமினோ அமிலங்களால் கட்டியது. அது வலக்கைப் பெப்டைடை (அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி) மட்டுமே வெட்டியது, இடக்கையைத் தொடவில்லை. 2022-இல் டிங் ஜூ குழு 883 அமினோ அமிலம் நீளமுள்ள ஓர் ஆர்என்ஏ பாலிமரேஸை (ஆர்என்ஏவை எழுதும் நொதி) வலக்கையில் செய்து, அதைக்கொண்டு ரைபோசோமின் மூன்று ஆர்என்ஏக்களையும் ஆடி பிம்பமாக எழுதவைத்தது. மிச்சம் இருப்பவை ஐம்பதுக்கும் மேற்பட்ட ரைபோசோம் புரதங்கள். 2024 டிசம்பரில் 38 விஞ்ஞானிகள், முன்பு இந்த முயற்சியில் இருந்த சிலரும் உட்பட, ஆடி பிம்ப பாக்டீரியாவைச் செய்ய வேண்டாம் என்று சேர்ந்து எழுதினார்கள். நம் நோயெதிர்ப்பு அமைப்பு அதைச் சரியாக அடையாளம் காணாமல் போகலாம், அதை வேட்டையாடும் வைரஸும் இருக்காது. கையை அறிய கை வேண்டும் என்பதை வேலையில் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில், அவர்கள் பக்கம்தான் நானும். உடலில் எளிதில் சிதையாத வலக்கைப் பெப்டைட் மருந்து செய்யட்டும். தானாகப் பெருகும் செல் வேண்டாம்.

அப்படி ஒரு செல் உருவானால் அதற்குப் புது மரபுக் குறியீடு எதுவும் எழுத வேண்டியிருக்காது. அட்டவணையில் கை பற்றி ஒரு குறிப்புகூடக் கிடையாது. யு-யு-யு அங்கேயும் பினைல்அலனின்தான், வந்து சேர்வது வலக்கையாக இருக்கும்.